நான் போகாத கட்டார்

மறியலிலிருந்து நான் வெளியே வந்த அன்று, சிறை வாசலில் அம்மா ஒரு புதுப் பெட்டியோடு நின்றார். சக்கரம் வைத்த பெரிய பெட்டி. விமான நிலையத்தில் இழுத்துக்கொண்டு போவார்களே, அது.

"இது என்னாம்மா?" என்றேன்.

"பேசாம வா. பஸ்ல சொல்றேன்."

பஸ்ஸில் சொன்னார். நான் உள்ளே இருந்த காலம் முழுவதும் கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தேனாம். எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில், அந்தச் சிறு சந்தில், எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். நேரே வீட்டுக்குப் போகவில்லை. வத்தளையில் சித்தி வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். அம்மா புறக்கோட்டைக்குப் போய் வெளிநாட்டுச் சொக்லேட், வாசனைச் சவர்க்காரம், தைலம், சென்டு எல்லாம் வாங்கிவந்து அந்தப் பெட்டியை நிரப்பினார். மூன்றாம் நாள் காலை ஒரு வேனைப் பிடித்து, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வருகிறவன் போல ஒழுங்கை வாசலில் இறங்கினேன்.

பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி ஓடிவந்தார்கள். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாரும் கட்டார் போயி கரிக்கட்டையா வருவாங்க. நீ என்னா இப்பிடி வெளுத்துப்போயி வந்திருக்க? ஏசிக்குள்ளயா வேல?"

"ஓம் அக்கா. ஏசிதான்."

வெயில் படாத இடத்தில் இருந்தவன் வெளுக்காமல் என்ன செய்வான்?

அடியார்களே, நமது ஒழுங்கைப் பிள்ளையார் கோயிலின் விழா மலருக்கு அனுபவம் எழுதித் தரும்படி கேட்டார்கள். நோய் தீர்ந்ததை, பிள்ளை பிறந்ததைப் பலர் எழுதியிருப்பார்கள். எனக்கு நடந்தது அப்படிச் சந்தோஷமாகச் சொல்லக்கூடியது அல்ல. ஆனாலும் நடந்தது. அவர் நடத்தினார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா வெள்ளவத்தை மாடி வீடுகளில் சமையல் வேலை. இருவரும் மஸ்கெலியாவிலிருந்து சிறு வயதில் கொழும்புக்கு வந்தவர்கள். கையெழுத்துக்குப் பெருவிரல் வைப்பவர்கள். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்தது நான்தான். ஒழுங்கையில் யாருக்குக் கரண்ட் பில் வந்தாலும் என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவருவார்கள். "எம் புள்ள படிச்சவன்" என்று அம்மா சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

அந்தப் படித்த பிள்ளைதான் குடு என்கிற போதைத்தூள் பொட்டலத்தோடு பிடிபட்டான். குற்றம் என்னுடையது. அதற்குத் தண்டனை கிடைத்தது, அனுபவித்தேன், முடிந்தது. அதை இங்கே நீட்டப்போவதில்லை. முடிந்த பிறகு தொடங்கியதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் வேலை தேடினேன். வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். முதலாளி யாழ்ப்பாணத்து ஐயா. நல்ல மனிதர். கணக்குப் பார்க்கத் தெரியுமா என்று கேட்டார். சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். எல்லாம் சரி.

"அப்ப திங்கட்கிழமை வாரும் தம்பி. வரேக்க பொலிஸ் ரிப்போட்டையும் எடுத்துக்கொண்டு வாரும். இப்ப எல்லா இடத்திலயும் கேக்கினம்."

திங்கட்கிழமை நான் போகவில்லை.

ஹெவ்லொக் டவுனில் இன்னொரு இடத்தில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். அங்கிருந்தவர் என்னைத் திட்டவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. ஆனால் மேசையில் கிடந்த தன் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தான் அப்படிச் செய்தது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். "பாப்பம், கோல் பண்ணுறன்" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

சரி, அப்பாவோடு மூட்டை தூக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கட்டாரில் ஏசிக்குள் வேலை செய்தவன் புறக்கோட்டையில் வெங்காய மூட்டை தூக்குவானா? ஒழுங்கைக்கே விஷயம் விளங்கிவிடும். "நீ வீட்ல இரு. லீவுல வந்திருக்கன்னு சொல்லியிருக்கேன்" என்றார் அம்மா. லீவு எத்தனை மாதம் நீளும்? ஒழுங்கை முனைக் கடையில் பாண் வாங்கப் போனால், கடைக்காரர் ஒவ்வொரு நாளும் கேட்பார். "மல்லி, கட்டார் கோமத?" தம்பி, கட்டார் எப்படி என்று சிங்களத்தில். "ஹொந்தாய் அய்யே" என்பேன். நல்லது அண்ணே. அதற்கு மேல் ஒரு நாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பகலில் வெளியே போவதையே குறைத்தேன். உள்ளே இருந்தபோதுகூட முற்றத்தில் நடக்க விடுவார்கள். சில நாட்களில் இப்படியே எங்காவது போய்ச் சேர்ந்துவிடலாமா என்று தோன்றியது. கடலும் பக்கத்தில்தானே இருக்கிறது.

காலையில் மட்டும் கோயிலுக்குப் போவேன். சிதறுதேங்காய் உடைக்கும் கல்லைச் சுற்றிச் சிரட்டைத் துண்டுகள் கிடக்கும். அவற்றைக் கூட்டி அள்ளுவேன். அது என் வேண்டுதல். கூட்டிக்கொண்டே ஒன்றைத்தான் கேட்பேன். "பிள்ளையாரப்பா, மறைச்சு வை. தங்கச்சி கல்யாணம் முடியும் மட்டும் மறைச்சு வை."

தங்கச்சி கலைவாணிக்கு அப்போது சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை சுரேஷ், வெள்ளவத்தையில் புடைவைக் கடையில் வேலை. பாமன்கடையில் வீடு. அப்பா இல்லை. அம்மாவும் தம்பி தினேஷும்தான். நல்ல இடம். கலைக்கும் பிடித்திருந்தது. என்னால் இது குழம்பிவிடக் கூடாது. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

வைகாசியில் பூ வைக்க வந்தார்கள். எல்லாம் முடிந்து சாப்பிடும்போது சுரேஷின் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நம்ம தினேஷுக்கும் கட்டார்லதான் வேல சரிவந்திருக்கு. கொள்ளுப்பிட்டியில ஏஜென்சி. எனக்கு அதெல்லாம் விளங்காது. நீங்க ஒருக்கா அவனோட போயி பாருங்க. நீங்க நல்ல கம்பனின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார். "அதுக்கென்ன சம்பந்தி, தாராளமா போவான். அவனுக்கு அங்க தெரியாத எடமா?"

போனேன். ஏஜென்சியில் இருந்தவர், "அண்ணன் எந்தப் பக்கம் இருந்தீங்க?" என்று கேட்டார். "சிட்டிக்குக் கொஞ்சம் தள்ளி" என்றேன். தினேஷ் என்னைப் பெருமையாகப் பார்த்தான். இருபத்திரண்டு வயது. அவர் காட்டிய படங்களுக்கெல்லாம் தலையாட்டினேன். அந்தக் கம்பனி நல்லதா, கள்ளமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தினேஷ் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, ஒண்ணு கேக்கவா? சிரிக்கக் கூடாது. அங்க ராவுல தூக்கம் வருமா? தனியா படுக்கிறப்ப?"

எனக்குப் பதில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "மொத மாசம் வராது. வீட்டுச் சத்தமெல்லாம் காதுல கேக்கும். பெறகு பழகிரும். பழகிருச்சேன்னு ஒரு நாள் அழுகை வரும்."

அவன் தலையை ஆட்டினான். நம்பினான். அன்று முழுவதும் நான் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை. அதையும் அவன் கட்டார் என்று எடுத்துக்கொண்டான். என் பொய்யை நம்பி ஒருவன் கடல் தாண்டப் போகிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை அந்தத் தேங்காய்க் கல்லடியில் கூட்டிக்கொண்டு நின்றேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்க வாய் வரவில்லை. கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சாத்தி வைத்துவிட்டு நின்றேன். கடைசியில், "எனக்கு ஒண்ணும் தெரியல. நீயே பாத்துக்க" என்றேன். அவ்வளவுதான் அன்றைய பிரார்த்தனை. நேரே பாமன்கடைக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

சுரேஷின் அம்மா வீட்டில் இருந்தபடி கடைகளுக்குச் சாரியின் கரையில் துணிப்பட்டி வைத்துத் தைத்துக் கொடுப்பவர். நான் போனபோது மடி நிறையப் பச்சைச் சாரி. மகன்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள்.

"வாங்க தம்பி. கம்பனி எப்பிடி?"

"எனக்குத் தெரியாது அத்தை. நான் கட்டார் போகல. மறியல்ல இருந்தேன்."

ஊசி நிற்கவில்லை. இன்னும் நாலைந்து தையல் போட்டார். பிறகுதான் கேட்டார்.

"என்னா கேஸ்?"

"குடு."

"செஞ்சியா, சும்மா புடிச்சாங்களா?"

"செஞ்சேன்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சாரியை மடித்துப் பக்கத்தில் வைத்தார். எழுந்து வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நானே எழுந்துவிட்டேன்.

"இரு. ஒக்காரு."

உட்கார்ந்தேன்.

"எங்க வீட்டுக்காரரு எங்க வேல செஞ்சவருன்னு உங்கம்மா கேட்டாங்க. சவுதின்னு சொன்னேன். இல்ல. சவுதி இல்ல. சண்டைக் காலத்துல வெள்ளவத்தையில லொட்ஜுல வேல செஞ்சாரு. ஒரு நாள் பொலிஸ் வந்து அங்க இருந்த ஆம்பளைங்க எல்லாரையும் ஏத்திட்டுப் போனாங்க. நாலு வருஷம் மறியல். கேஸே இல்ல. நான் எல்லாருக்கும் சவுதின்னு சொன்னேன். அவரு வந்த பெறகு அந்தப் பொய்யைக் காப்பாத்தணும்னு அந்த மனுஷன் ஒருத்தர்கிட்டயும் வாயத் தெறக்கல. எங்கிட்டக்கூட. உள்ளுக்கு என்ன நடந்திச்சுன்னு நான் கேட்டதும் இல்ல. செத்தப்ப, சவுதியில கஷ்டப்பட்ட மனுசன்னு சொல்லித்தான் அழுதாங்க."

கொழும்பில் எத்தனை வீடு இருக்க, தங்கச்சிக்கு இந்த வீட்டிலிருந்தா சம்பந்தம் வரவேண்டும்?

என் முகத்தில் அவர் எதையோ பார்த்திருக்க வேண்டும். உடனே விரலை நீட்டினார்.

"ஆனா ரெண்டையும் ஒண்ணாக்காத. அவரு ஒண்ணும் செய்யல. நீ செஞ்சிருக்க."

"ஓம் அத்தை."

"கல்யாணம் நடக்கும். சுரேஷ்கிட்ட நான் பேசுறேன். ஆனா அந்தக் கட்டார் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது. ஒரு சவுதிய நான் காலம் முழுக்கச் சொமந்தது போதும். பொண்ணோட அண்ணன் பொரி போடுறப்ப, அவன் யாருன்னு சனத்துக்குத் தெரியணும். உங்கம்மாவே சொல்லணும்."

நமது கல்யாணங்களில் ஓமத் தீயில் போடும் பொரியைப் பெண்ணின் கையில் இடுகிறவன் அவளுடைய சகோதரன். எனக்குச் சகோதரம் என்று இருப்பது கலை ஒருத்திதான். அம்மா அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. லீவு முடிந்து நான் திரும்பவும் கட்டார் போய்விட்டதாகச் சொல்லி, கல்யாணத்தன்று என்னை மஸ்கெலியாவுக்கு அனுப்பிவிட்டு, சித்தி மகனைப் பொரி போடச் சொல்லியிருந்தார்.

நான் நடந்ததைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "சொல்லிட்டியா? வாயில மண்ண போட்டுட்டியேடா! வீடு வீடா நான் சொக்லேட் குடுத்தேனே! இந்த ஒழுங்கையில எந்த மூஞ்சிய வச்சிட்டு நடப்பேன்?" அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். அவர் அழுததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். அம்மாவுக்கு உண்மையில் பயம் எது என்று எனக்குத் தெரியும். எம் புள்ள படிச்சவன் என்று சொல்ல அவருக்கு இனி இடமில்லாமல் போய்விடும்.

கலைதான் சமையலறையிலிருந்து வந்து சொன்னாள். "அண்ணன் இல்லாம எனக்கு வேற யாரும் பொரி போட வேணாம். கல்யாணமே வேணாம்னாலும் சரி."

ஆவணியில் கல்யாணம் சொல்லப் புறப்பட்டோம். தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், கல்யாணப் பத்திரிகை. சொல்ல வேண்டியவர் அம்மா; ஆனால் தட்டைப் பிடித்துக்கொண்டு கூட வருவது மட்டுமே அவரால் முடிந்தது. நான் பேசினேன்.

"தங்கச்சிக்குக் கல்யாணம். குடும்பத்தோட வரணும். இன்னொண்ணும் சொல்லணும். நான் கட்டார்ல இருக்கல. மறியல்ல இருந்தேன். குடு கேஸ்."

முதல் வீட்டில் அந்த வீட்டு அம்மா குங்குமத்துக்கு நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தன் பேரனை, "உள்ளுக்கு வாடா" என்று கூப்பிட்டார். அடுத்த வீட்டில் சிரித்தார்கள். "அப்ப அந்த ஏசி?" என்று ஒருவர் உள்ளேயிருந்து கேட்டார். இன்னொரு வீட்டில் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "எங்களுக்கு அன்னிக்கு வேற கல்யாணம் இருக்கு" என்றார்கள். நாள் என்னவென்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார். ஒவ்வொரு வாசலிலும் அம்மா ஒரு பிடி சிறுத்துப் போனார். என்னால் வந்தது என்று பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கடைசியாகத்தான் சரோஜா அக்கா வீடு. பக்கத்து வீடு என்பதால் அம்மா அதைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். நான் சொல்லத் தொடங்கினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும்டா."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க குடுத்த சொக்லேட்ல புறக்கோட்டை கடை வெல ஸ்டிக்கர் அப்பிடியே இருந்திச்சு அக்கா. நான் கிழிச்சு எறிஞ்சிட்டுத்தான் புள்ளைங்களுக்குக் குடுத்தேன். இந்தா எனக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கும் குடுத்திருந்தீங்கதானே? அதுலயும் இருந்திச்சு. அதையும் நாந்தான் கிழிச்சேன்."

அம்மா தட்டோடு அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு அழுகை. சரோஜா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தானே குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கும் வைத்துவிட்டார். "ஏசின்னு சொன்னான் பாரு, அப்பவே சிரிப்பு வந்திச்சு. அடக்கிட்டேன்."

நான் எத்தனை காலை அந்தக் கல்லடியில் நின்று மறைச்சு வை என்று கேட்டேன்! கேட்பதற்கு முன்னமே பிள்ளையார் பக்கத்து வீட்டில் ஒரு ஆளை வைத்திருந்தார். அம்மாவின் மானம் அந்த வீட்டில் ஆரம்பத்திலேயே பத்திரமாக இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த நாள் சுரேஷ் ஒழுங்கைக்கு வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். "மச்சான், வாங்க, பிளேன்டீ குடிப்பம்" என்றார். முனைக் கடையில் எல்லோர் பார்வைக்கும் நேரே வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். கிரிக்கெட் பற்றிக் கதைத்தார். வேறு ஒன்றும் கதைக்கவில்லை. டீ முடிந்தும் எழும்பவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

கல்யாண மண்டபத்தில் எங்கள் ஒழுங்கைக்காக வைத்த கதிரைகளில் பாதிக்கு மேல் வெறுமை. ஐயர் "பொண்ணோட சகோதரன் வாங்கோ" என்று கூப்பிட்டார். எழும்பிப் போனேன். பின்னால் ஒரு பெண்ணின் குரல், மெதுவாகத்தான், ஆனால் கேட்டது. "குடுக்காரன் கையாலயா பொரி?"

கை நடுங்கத் தொடங்கியது. பொரியை அள்ளினேன். விரல்களுக்கு இடையால் கொட்டியது. பாதி மணவறையில் சிந்தியது. கலை தலை குனிந்தபடி தன் கைகளை என் கைகளுக்கு அடியில் இன்னும் உயர்த்தினாள். உதடு அசையாமல் சொன்னாள்.

"ஒழுங்கா போடு அண்ணே. கட்டார்ல பழக்கலியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மணவறையில் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டேன். அந்தப் பொய்யை வைத்து நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தரம். கை நடுக்கம் நின்றது. பொரி அவள் கைக்குள் விழுந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. பொலிஸ் ரிப்போட் கேட்காத கடை ஒன்றும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஒழுங்கையில் சில வீடுகளில் கரண்ட் பில்லை இப்போது வேறு யாரிடமோ கொடுத்து வாசிக்கிறார்கள். அந்தப் பேரன் என்னைக் கண்டால் உள்ளே ஓடுகிறான். தண்டனைக்கு ஒரு முடிவுத் தேதி போட்டார்கள். இதற்கு யாரும் போடவில்லை.

ஆனால் நான் இப்போது அப்பாவோடு புறக்கோட்டைக்குப் போகிறேன். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, வெங்காய மூட்டை தூக்குகிறேன். நன்றாகக் கறுத்துவிட்டேன். முனைக் கடைக்காரர் கட்டார் எப்படி என்று கேட்பதில்லை. "மல்லி, வெட கோமத?" என்கிறார். வேலை எப்படி என்று. அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. படித்தவன் மூட்டை தூக்குகிறானே என்று முதலில் அம்மா மனம் நொந்தார். இப்போது மத்தியானச் சோற்றை அவரே கட்டித் தருகிறார்.

தினேஷின் அம்மா, அங்கே உண்மையில் இருந்து வந்த ஒருவரைத் தேடிப் பிடித்து விசாரித்து, வேறொரு ஏஜென்சி மூலம் அவனை அனுப்பினார். போன மாதம் அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "அண்ணே, நீங்க சொன்னதுல தூக்கம் மட்டும் சரி. நேத்து நல்லா தூங்கினேன். எழும்பி அழுதேன்."

அடியார்களே, இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி வெளிநாட்டில் இருக்கலாம். அவருக்காக நீங்களும் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கலாம். உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மறைத்து வை என்று கேட்டவரைக்கும் எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. நீயே பார்த்துக்கொள் என்று விட்ட அன்றுதான் பஸ் ஏறக் கால் வந்தது. விட்டுப் பாருங்கள். வலிக்கும். அவர் பக்கத்து வீட்டில் யாரை வைத்திருக்கிறார் என்பது விட்ட பிறகுதான் தெரியும்.

அந்தப் பெட்டி இன்னும் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அம்மா அதில் அரிசி போட்டு வைத்திருக்கிறார். காலையில் நான் கோயிலில் சிரட்டை கூட்டிக்கொண்டிருப்பேன். தனியாக நிற்கப் பயமாக இருந்தால் வாருங்கள். இன்னொரு தும்புத்தடி இருக்கிறது.